முதற்பதிப்பு வாங்கப் போய் ஆத்தாவாகித் திரும்பிய கதை

உலகத்தில் திருத்தவே முடியாத பைத்தியங்கள் சில உண்டு. நாவல்களின் முதற்பதிப்பைத் தேடிச் சேர்க்கும் பைத்தியம் அதில் தனி ரகம். குடிகாரனுக்காவது விடிந்தால் தெளியும், எங்களுக்குத் தெளியாது. அதே கதை பளபளவென்று புதுப் பதிப்பாகக் கடையில் கிடைக்கும். அதை விட்டுவிட்டு, முதன்முதலில் அச்சான பதிப்புதான் வேண்டும், அதுவும் அன்றைக்கு ஒட்டிய மேலட்டையோடு வேண்டும் என்று பழைய பேப்பர் கடையில் கரப்பான் பூச்சியோடு மல்லுக்கு நிற்போம். என் கணவர் அந்தோணி இதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "ஏன்டி, இட்லின்னாலும் மொத ஈடு இட்லிதான் திம்பியா?" (எங்கள் வீட்டில் முதல் ஈடு இட்லி கல்லு மாதிரி இருக்கும் என்பது வேறு விஷயம்.)

காரைக்குடி செக்காலையில் எங்கள் வீடு. எனக்கு ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதி பழைய புத்தக வியாபாரிகளுக்கு. புத்தகம் வைக்கிற அலமாரியில் புத்தகம், சேலை வைக்க வேண்டிய பீரோவிலும் புத்தகம், சேலைகள் மட்டும் பாவம் கொடியில் தொங்கும். எனக்குப் பிடித்த நாவலாசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் வியாபாரிகள் விலையை ஏற்றிவிடுவார்கள், அதனால் சொல்ல மாட்டேன். அவருடைய நாவல்கள் அத்தனையும் முதற்பதிப்பாக என்னிடம் இருந்தன, முதல் நாவலைத் தவிர. அதை 'லாந்தர் நாவல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகத் தேடினேன். கண்ணில்கூடப் படவில்லை. எங்களைப் போன்ற கிறுக்கர்கள் கூடியிருக்கும் வாட்ஸப் குழுவில் யாரோ அதன் மேலட்டையின் படத்தை மட்டும் போட்டார்கள். நீல அட்டை, வாசல்படியில் ஒருத்தி லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்ற அம்மாக்கள் போனைத் திறந்தால் பிள்ளை முகம் தெரியும். நான் திறந்தால் லாந்தர்க்காரி தெரிவாள்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது பக்கத்து இருக்கை தேனம்மை ஆச்சி என் போனை எட்டிப் பார்த்தார். (இந்தப் பக்கத்தில் செட்டியார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டால் ஆச்சிதான். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.) "என்னடி படம் இது?" என்றார். நாவலின் பெயரைச் சொன்னேன்.

"அட, அந்தக் கதைப் புத்தகமா? எங்க மாமியா வீட்டுப் பேழையில இருக்கே" என்றார், ஊறுகாயை நக்கிக்கொண்டே.

எனக்குத் தயிர்சோறு மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்தபிறகு விவரம் கேட்டேன்.

நகரத்தார் குடும்பங்களில் படைப்பு என்று ஒன்று உண்டு. குடும்பத்தில் சுமங்கலியாகக் கண்ணை மூடிய பெண்ணை ஆத்தாவாக வைத்துக் கும்பிடுவார்கள். அவருடைய சேலை, சாமான்களை ஒரு பேழைக்குள் பத்திரமாக வைத்திருந்து, பங்காளிகள் எல்லோரும் கூடுகிற நாளில் திறந்து, சோறு, குழம்பு, பலகாரம் என்று சமைத்து முன்னால் படைப்பார்கள். தேனம்மை ஆச்சியின் புகுந்த வீட்டு ஆத்தா, உமையாத்தா. சின்ன வயதிலேயே போய்விட்டவர். சேலைகளோடு அவர் படித்த நாவல் ஒன்றும் பேழையில் இருந்தது. அதுதான் நான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த லாந்தர்.

"இந்த வருசந்தான் கடைசிப் படைப்பு" என்றார் ஆச்சி. "கானாடுகாத்தான் வீட்டை ஓட்டலுக்குக் கேக்குறாக. பங்காளிக ஆளுக்கொரு ஊருல கெடக்காக, யாரு பாக்குறது? அதனால பேழையில இருக்கதையும் பங்காளிகளுக்குள்ள ஏலம் விட்டுறலாம்னு பெரியவரு சொல்லிட்டாரு."

"ஆச்சி, நான் ஏலம் கேக்கலாமா?"

"நீ எப்படிடி கேப்ப? பங்காளிக மட்டுந்தான் கேக்கணும். வேணும்னா எங்க வீட்டுக்காரவுகளைக் கேக்கச் சொல்றேன். புத்தகத்தை யாரு கேக்கப் போறா, எல்லாரும் சேலைக்குத்தான் அடிச்சுக்குவாக. ஆனா ஒண்ணு, நீ வந்து ஒரு ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகணும். ஏலம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. அந்தப் பெரியவருக்குக் கோவம் மூக்கு மேல."

வாயைத் திறக்காமல் இருப்பது என்ன பெரிய வித்தையா? வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்தேன். (மாதா என்னை மன்னிக்கட்டும்.)

பழம்புத்தகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய் பட்டால் தாள் கெட்டுவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் என் மகன் பள்ளி அணிவகுப்புக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கையுறையை எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் கையெழுத்துச் சரிபார்க்கிற பூதக்கண்ணாடியையும், தூசி தட்ட அந்தோணியின் புது ஷேவிங் பிரஷ்ஷையும் பைக்குள் போட்டேன். ஒரு அறுவை சிகிச்சைக்குக்கூட இவ்வளவு ஏற்பாடு இருக்காது. படைப்பு நாளன்று கானாடுகாத்தான் வீட்டு வாசலில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட அந்தோணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் சாக்கோட்டை வரைக்கும் போயிட்டு வந்து கூப்பிட்டுக்கிறேன். எதையும் தூக்கிட்டு மட்டும் ஓடியாந்துராத" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

வீடு நிறைய ஆட்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்திருந்தார்கள். பூட்டியே கிடந்த வீட்டின் வௌவால் வாசனையைச் சாம்பிராணிப் புகை விரட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பெரியவர் சொக்கலிங்கம், எழுபது தாண்டியவர், சட்டை போடாத உடம்பில் பட்டை பட்டையாகத் திருநீறு. என்னைக் கண்டதும், "இவுக யாரு?" என்றார்.

"எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவுக மாமா, பிலோமினான்னு பேரு" என்றார் தேனம்மை ஆச்சி.

"சரி, இருந்து சாப்பிட்டுப் போகட்டும். அங்குட்டு உக்காரச் சொல்லு."

அங்குட்டு என்றால் தூணுக்குப் பின்னால். உட்கார்ந்தேன். பேழையைத் திறந்தார்கள். பெண்கள் ஒவ்வொரு சேலையாக எடுத்து முன்னால் பரப்பினார்கள். கடைசியில் ஒரு பட்டுத் துணிப் பொட்டலம். நான் கண்ணாலேயே கெஞ்சியதைப் பொறுக்க முடியாமல், தேனம்மை ஆச்சி அதை மறைவாக என்னிடம் கொண்டுவந்தார். "இந்தா, வெரசாப் பாத்துட்டுக் குடு. எல்லாரும் அங்குட்டுப் பாக்குறாக."

கையுறையை மாட்டினேன். மகனுடையது என்பதால் பாதி விரலோடு நின்றுவிட்டது. துணியைப் பிரித்தேன்.

உள்ளே இருந்தது நீல அட்டை இல்லை. செங்கல் நிறத்தில் தடித் துணி ஒட்டிய, கணக்குப் பிள்ளை நோட்டு மாதிரியான அட்டை. செட்டிநாட்டு வீடுகளில் அண்டா குண்டா, கரண்டி வரைக்கும் பெயரெழுத்தை வெட்டி வைப்பார்கள் அல்லவா, அதேபோல நாவலின் முதுகிலும் தங்க எழுத்தில் 'சொ' என்று பொறித்திருந்தது. எழுதியவர் பெயரைக் காணோம். உள்ளே திருப்பினேன். 'முதற்பதிப்பு' என்று அச்சாகியிருந்தது. அதே புத்தகம், அதே புத்தகம்தான்! ஆனால் யாரோ புண்ணியவான் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார். பைண்டிங்கில் என்ன செய்வார்கள் தெரியுமா? மேலட்டையைப் பிய்த்து எறிவார்கள். பிறகு கத்தியில் வைத்து, மூன்று பக்கமும் விளிம்பை வெட்டி ஒழுங்குபண்ணுவார்கள். மற்றவர்களுக்கு அது பராமரிப்பு. எங்களைப் போன்றவர்களுக்கு அது பட்டப்பகல் கொலை.

மாதா மேல் செய்த சத்தியம் அந்த இடத்தில் செத்தது.

"ஐயையோ!" என்று அலறினேன். "யாரு இப்படிப் பண்ணது? மூணு பக்கமும் வெட்டிட்டீகளே பாவிகளா! அட்டை எங்க? நீல அட்டை எங்க? லாந்தரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியில ஒருத்தி நிப்பாளே, அவளை என்ன பண்ணீக?"

சொல்லும்போதே அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. உடம்பு நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு குலவை கிளம்பியது.

"ஆத்தா வந்துட்டாடி!"

"எங்க ஆத்தா வந்துட்டா! கையப் பாருங்க, வெள்ளையா மாறிப்போச்சு!"

கையுறையைக் கழற்றப் பார்த்தேன். அது வருவேனா என்றது. அதற்குள் ஒருத்தர் என் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார். இன்னொருத்தர் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். புத்தகம் நனைந்துவிடக் கூடாதே என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தேன். அதையும் ஆத்தாவின் செயல் என்றே எடுத்துக்கொண்டார்கள். தேனம்மை ஆச்சியைத் தேடினேன். அவர் தூணோடு தூணாக ஒட்டி, எனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் நின்றிருந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். அன்றைக்குப் பூதமே நான்தான்.

"இல்லங்க, நான் ஆத்தா இல்ல" என்றேன். "என் பேரு பிலோமினா. செக்காலை. இன்சூரன்ஸ் ஆபீஸ்."

"எந்த ஆத்தா வந்ததும் ஒத்துக்கிட்டிருக்கா?" என்றார் ஒரு அம்மாள், இந்த விஷயத்தில் ரொம்ப அனுபவப்பட்டவர் போல.

அப்போதுதான் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இனி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார், ஏலம் போச்சு, புத்தகம் போச்சு, நாளைக்கு ஆச்சி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தொப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் மனிதர் என் காலடியில் விழுந்து கிடக்கிறார்.

"நீல அட்டைய என்னயத் தவிர இங்க ஒருத்தரும் பாத்தது கெடையாது. நான் வாலிபமா இருக்கையில பைண்டிங்குக்குக் குடுத்தப்பவே போயிருச்சு. அது ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும் ஆத்தா" என்று குரல் உடைந்து சொன்னார். "நாந்தான் வெட்டக் குடுத்தேன். தெரியாமச் செஞ்சுட்டேன். நீ என்னயப் பெத்துப் போட்டுட்டு மூணாம் நாளு போயிட்ட. ஒரு போட்டோ கெடையாது. ஒன் புத்தகமாவது நைஞ்சு போகாம இருக்கட்டும்னுதான் குடுத்தேன்."

எனக்குத் தேள் கொட்டியது போல் ஆகிவிட்டது. அதுவரை அந்த வீட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நாசமாய்ப் போன ஒரு முதற்பதிப்பு மட்டும்தான். அது ஒரு பிள்ளையிடம் மிஞ்சியிருக்கும் அம்மா என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகை அழுகையாக வந்தது, ஆனால் இந்தமுறை அட்டைக்காக இல்லை.

"ஐயா, எந்திரிங்க. சாமியெல்லாம் இல்ல, இந்தா பாருங்க" என்று ஈரக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துப் போட்டுவிட்டு, போனை எடுத்து அந்த அட்டைப் படத்தை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். உண்மை வெளிப்பட்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஆத்தா போன்லயும் வந்துட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி குலவை.

பெரியவர் மட்டும் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "சின்னப் புள்ளையில இந்தப் படத்துல நிக்கிறவதான் எங்க ஆத்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பைண்டிங் கடைக்குத் திரும்ப ஓடினேன் தாயி. குப்பையோட போயிருச்சுன்னு சொல்லிட்டாக."

அவர் தாயி என்றது என்னையா, ஆத்தாவையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கூட்டம் விடுகிற மாதிரி இல்லை. "ஆத்தா, வேற என்ன கொறை? சொல்லு ஆத்தா" என்று சுற்றி நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் புத்தகத்தைப் புரட்டினேன். பாதியில் ஒரு பக்கத்தின் மூலை உள்ளே மடிந்திருந்தது. நிமிர்த்தினேன். வெட்டிய விளிம்பைத் தாண்டி ஒரு சின்னக் காது போல வெளியே நீண்டது. மடிந்து கிடந்ததால் கத்தி அந்த மூலையைத் தொடவில்லை. முதற்பதிப்பின் பழைய அளவு அந்த ஒரு மூலையில் மட்டும் அப்படியே பிழைத்திருந்தது. அதற்கு முந்திய பக்கங்களிலெல்லாம் மஞ்சள் விரல் பட்ட கறை. அதற்குப் பிந்திய பக்கங்களில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை.

"இந்தப் பக்கத்தோட நிறுத்தியிருக்காக" என்றேன். "மிச்சக் கதைய அவுக படிக்கவே இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் அங்கங்கே கேட்டது. பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "படிங்க" என்றார். "எனக்குக் கதைப் புத்தகமெல்லாம் படிச்சுப் பழக்கமில்ல. நீங்க படிங்க, அவளும் கேக்கட்டும்."

திருநீற்று நெற்றியும் மஞ்சள் தண்ணீர் சொட்டும் தலையுமாக, படைத்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மடிந்த பக்கத்திலிருந்து அடுத்த அத்தியாயம் வரைக்கும் உரக்கப் படித்தேன். மலேசியாக்காரர் ஒருவர் இடையில் ரெண்டு தடவை, "யாரு அந்த மாணிக்கம்?" என்று கேட்டார். முன்கதையை அவருக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. படித்து நிறுத்தியதும், "அப்புறம்?" என்றார்கள் ஒரே குரலில்.

"அப்புறம் அடுத்த வருசம்" என்றார் பெரியவர். "வருசம் ஒரு அத்தியாயம். ஆத்தா கதை கேட்டுக்கிட்டு இருக்கையில வீட்ட வித்துட்டு எங்க போயி படிக்கிறது? கதை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." ஏலம் நடக்கவில்லை. ஓட்டல்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். ஒரு இளவட்டம் மட்டும், புதுப் பதிப்பைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டால் எல்லோரும் இன்றைக்கே படித்துவிடலாமே என்று முணுமுணுத்தது. நாலைந்து ஆச்சிமார் திரும்பி முறைத்ததில் அடங்கிவிட்டது.

சாப்பிட்டுக் கிளம்பும்போது பெரியவரைத் தனியாகப் பார்த்து, நான் புத்தகத்துக்கு ஆசைப்பட்டு வந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். "அதனால என்ன? அவ மேல ஆசப்பட்டுத்தான வந்தீக" என்றார். பிறகு, "கதை என்னைக்கு முடியுதோ, அன்னைக்குப் புத்தகம் ஒங்களுக்குத்தான். எல்லாருக்கும் சொல்லிப்புடுறேன்" என்றார்.

அழைத்துப்போக வந்த அந்தோணி, என் கோலத்தைக் கண்டு ஸ்கூட்டரை அணைக்கவே மறந்துவிட்டார். "ஏலத்துக்குப் போனியா, ஏர்வாடிக்குப் போனியா?" என்றார். செக்காலை வருகிற வரைக்கும் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ரெண்டு இடத்தில் ரோட்டை விட்டு இறங்கியது. தேனம்மை ஆச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் கும்மாயம் செய்து டப்பாவில் கொண்டுவந்து, "ஆத்தாளுக்குப் படைக்கிறேன், சாப்பிடு" என்று மேசையில் வைத்தார். கோயிலில் பாதர் வரைக்கும் சேதி போய், பூசை முடிந்து வெளியே வரும்போது, "என்னம்மா, வேற வேலைக்கும் போறீங்களாமே" என்றார். வீட்டில் நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் போதும், அப்பனும் மகனும் கையைக் கட்டிக்கொண்டு வந்து, "ஆத்தா, என்ன கொறை?" என்று நிற்பார்கள். பல வருடம் கழித்து மகனுக்குப் பெண் பார்த்தபோது சம்பந்தி வீட்டில் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லியாயிற்று. இப்போது மருமகளும் சேர்ந்து நிற்கிறாள்.

அந்த அட்டைப் படத்தைக் கெட்டித் தாளில் அச்செடுத்து, புத்தகத்துக்கு உறையாகப் போட்டுக் கொடுத்தேன். அசலில்லாத அட்டையைப் போடுவது எங்கள் கூட்டத்தில் மகாபாவம். குழுவில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. லாந்தர்க்காரி இப்போது பேழைக்குள் உமையாத்தாவின் சேலைகளுக்கு மேல் இருக்கிறாள்.

வருடா வருடம் போகிறேன். கதை கேட்பதற்கென்றே முன்பு வராத பங்காளிகளெல்லாம் வருகிறார்கள், வௌவால்கள்தான் வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. இதில் கணக்குத் தெரிந்த யாரும் ஒன்றைக் கவனிப்பார்கள். கதை எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ, அவ்வளவு சீக்கிரம் புத்தகம் என் பீரோவுக்கு வரும். மீதமிருக்கும் அத்தியாயங்களைப் பார்த்தால் அப்போது எனக்குப் பல் இருக்குமா என்பதே சந்தேகம். அந்தோணிகூட, "ரெண்டு ரெண்டாப் படிச்சு முடிச்சுட்டுத் தூக்கிட்டு வாடி" என்று யோசனை சொன்னார்.

போன படைப்பில் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் கத்திப் படித்தேன். அத்தியாயத்தின் நடுவில், கதாநாயகி ஆற்றைக் கடக்கப் படகில் கால் வைக்கிற இடத்தில், புத்தகத்தை மூடினேன்.

"என்னத்தா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார் பெரியவர்.

"இல்லய்யா. இது பெரிய அத்தியாயம். பாதிதான் இந்த வருசத்துக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "செய்யுங்க, செய்யுங்க. அவளும் ஒண்ணும் அவசரப்படலையாம்."